பெஞ்சில் உட்கார்ந்திருக்கும் ஆச்சி

அரையாண்டுத் தேர்வு முடிந்துவிட்டால் தாமிரபரணிக் கரை ஊர்களில் வேன் கிடைப்பது குதிரைக்கொம்புதான். ஆழ்வார்திருநகரி, தென்திருப்பேரை, ஏரல், குரும்பூர் என எந்த ஊரிலும் டிசம்பர் கடைசி வாரத்துச் சனி, ஞாயிறுகளுக்கு வண்டியை முன்கூட்டியே பேசி வைத்துவிடுகிறார்கள். இரண்டு மூன்று குடும்பங்கள் சேர்ந்து வாடகையைப் பங்கு போட்டுக்கொள்ளும். விடிய மூன்று மணிக்குக் கிளம்பினால் கன்னியாகுமரியில் சூரியன் உதிப்பதைப் பார்த்துவிட்டு, அங்குள்ள பேவாட்ச் பூங்காவில் பகலைக் கழிக்கலாம். வடக்கே போகிறவர்களுக்கு மதுரை பரவைப் பக்கம் அதிசயம் இருக்கிறது. இன்னும் செலவு செய்ய முடிந்தவர்கள் முந்தின ராத்திரியே புறப்பட்டுக் கொச்சி வொண்டர்லாவுக்குப் போகிறார்கள். அதே நிறுவனம் 2025 டிசம்பரில் சென்னைக்குத் தெற்கே 64 ஏக்கரில், அறுநூறு கோடி ரூபாய்க்கு மேல் செலவிட்டு ஒரு பூங்காவைத் திறந்திருக்கிறது. அந்த விடுமுறையில் நெல்லை, தூத்துக்குடிப் பிள்ளைகள் பேச்சில் அதுதான் அதிகம் அடிபட்டது.

இதையெல்லாம் ஆடம்பரம் என்று ஒதுக்க எனக்கு மனம் வரவில்லை. வருஷம் முழுக்க வாழைத்தோட்டத்திலும் நெல்வயலிலும் வெற்றிலைக் கொடிக்காலிலும் உழைக்கிறவர்கள், வீட்டுத் திண்ணையில் பீடித் தட்டை மடியில் வைத்துக்கொண்டே முதுகு வளைந்துபோன பெண்கள், ஒரே ஒரு நாள் குழந்தைகளோடு தண்ணீரில் விழுந்து கத்திச் சிரிக்க ஆசைப்பட்டால் அதில் என்ன தவறு? பிள்ளைகளோ தீபாவளியிலிருந்தே நச்சரிக்கிறார்கள். வகுப்பில் ஒருவன் போய் வந்து, மணிக்கட்டில் கட்டிவிட்ட காகித வளையத்தை அவிழ்க்காமலேயே பள்ளிக்கூடத்துக்கு வருகிறான். அதைப் பார்த்த மற்றவர்களுக்கு அன்றிலிருந்து வேறு நினைப்பே இல்லை. அந்த ஆசை நியாயமானது. ஆனால் குடும்பம் என்று நாம் சொல்கிற அத்தனை பேருக்கும் அந்த ஒரு நாளில் இடம் இருக்கிறதா? இல்லையென்றால், அப்படியொரு இடத்தை நம் ஆற்றங்கரையிலேயே ஏன் உண்டாக்கித் தரக் கூடாது?

முதலில் காசைப் பார்ப்போம். பெரிய பூங்காக்களில் ஆளுக்கு நுழைவுக் கட்டணம் ஆயிரம் ரூபாயைத் தாண்டிவிட்டது; விடுமுறை நாள்களில் அதற்கும் மேலே. ஐந்து பேர் உள்ள வீட்டுக்கு டிக்கெட் மட்டுமே ஐயாயிரத்துக்குக் குறையாது. நூறு நாள் வேலைத் திட்டத்தில் தமிழ்நாட்டுக்கு 2025-26-ல் அறிவித்த தினக்கூலி 336 ரூபாய். அப்படியானால் ஏறத்தாழ பதினைந்து நாள் கூலி வாசலைத் தாண்டுவதற்கே சரியாகப் போகிறது. வேன் வாடகை, உள்ளே சாப்பாடு, லாக்கர், நைலான் உடை எல்லாம் அதற்கு மேலே. 2017-ல் ஜிஎஸ்டி வந்தபோது கேளிக்கைப் பூங்காக்களை 28 சதவீத அடுக்கில் கொண்டுபோய் வைத்தார்கள். குழந்தைகள் விளையாட்டுக்கு இவ்வளவு வரியா என்று பூங்கா நடத்துகிறவர்கள் மன்றாடிய பிறகு 2018 ஜனவரியில் அதை 18 ஆகக் குறைத்தார்கள். அப்போதும் இது வசதியானவர்களின் பொழுதுபோக்கு என்ற எண்ணம்தான் அரசுக்கு இருந்தது. வேன் பிடித்துப் போகிற குரும்பூர்க்காரர் அந்தக் கணக்கில் வரவே இல்லை.

வாசலில் என்ன நடக்கிறது என்று கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். டிக்கெட் கவுன்டர் பக்கத்தில் உயரம் அளக்கும் கம்பு நட்டிருக்கிறது. பல இடங்களில் கட்டணத்துக்கு வயதைக் கேட்பதில்லை; சென்டிமீட்டர்தான் கணக்கு. எண்பத்தைந்துக்குக் கீழே என்றால் இலவசம், நூற்று நாற்பது வரை சிறுவர் கட்டணம், அதற்கு மேல் முழுக் கட்டணம். கம்பு முன்னால் நிற்கும்போது “கொஞ்சம் குனிலே” என்று பையனிடம் கிசுகிசுத்த அப்பா, உள்ளே போய்ப் பெரிய ராட்டினத்தின் வாசலில் இதே போன்ற இன்னொரு கம்பைப் பார்த்ததும் “நல்லா நிமிந்து நில்லுலே” என்கிறார். அந்தக் கோட்டை எட்டாத தங்கச்சி அழுகிறாள். அண்ணன் உள்ளே போய்விட, அவளுக்குத் துணையாக அம்மா வெளியே நின்றுவிடுகிறாள். இதய நோயாளிகள், கர்ப்பிணிகள், முதுகுவலி உள்ளவர்கள் ஏறக் கூடாது என்று பலகை சொல்கிறது. சொல்லத்தான் வேண்டும், அது பாதுகாப்புக்கான விதி. ஆனால் அந்த விதிகளையெல்லாம் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்துப் பார்த்தால், வேனில் ஒன்றாக வந்த பன்னிரண்டு பேரில் நான்கைந்து பேருக்குத்தான் அந்த நாள் முழுசாகக் கிடைக்கிறது.

மிச்சப்பேரில் கடைசியில் நிற்பவர் ஆச்சி. சேலையோடு தண்ணீருக்குள் இறங்க விடமாட்டார்கள். நைலான் உடையை அவர் போட்டுக்கொள்ளவும் மாட்டார். விடிய இரண்டு மணிக்கே எழுந்து கிண்டிய புளியோதரையும் தொட்டுக்கொள்ளக் கட்டிய துவையலும் வெளிச் சாப்பாட்டுக்கு அனுமதி இல்லை என்பதால் வேனுக்கே திரும்பிப் போயிருக்கும். “ஆச்சி, பையைப் பாத்துக்கிட்டு இங்கனயே இருங்க” என்று சொல்லிவிட்டு எல்லாரும் போகிறார்கள். வேப்பமரமோ தகரக் கூரையோ எது கிடைக்கிறதோ அதற்குக் கீழே ஒரு பெஞ்சு. காலை பதினொன்று முதல் சாயங்காலம் ஐந்து வரை செருப்புகளுக்கும் துண்டுகளுக்கும் செல்போன்களுக்கும் அவரே காவல். அவருக்கும் டிக்கெட் எடுத்துத்தான் உள்ளே கூட்டி வந்திருக்கிறார்கள். முணுமுணுக்கவும் மாட்டார். “பிள்ளைங்க சந்தோசமா இருந்தா போதும்” என்பார். அந்தச் சொல்லை அப்படியே எடுத்துக்கொண்டு நாமும் நிம்மதியாகிவிடுகிறோம். அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை.

இந்தப் பூங்காக்கள் பிறந்த கதையிலும் ஒரு பெஞ்சு வருகிறது. வால்ட் டிஸ்னி வார இறுதியில் தம் இரண்டு பெண்களை லாஸ் ஏஞ்சலிஸ் நகரத்து கிரிஃபித் பூங்காவுக்குக் கூட்டிப்போவார். பிள்ளைகள் குதிரை ராட்டினத்தில் சுற்றுவார்கள். அவர் பெஞ்சில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருப்பார். பெற்றவர்களும் பிள்ளைகளும் சேர்ந்து மகிழ ஓர் இடம் வேண்டும் என்ற எண்ணம் அங்கேதான் உதித்தது என்று அவரே பின்னாளில் சொல்லியிருக்கிறார். 1955 ஜூலை 17 அன்று டிஸ்னிலேண்ட் திறந்தது. ஓர் அப்பாவின் அலுப்பிலிருந்து பிறந்த யோசனை உலகம் முழுக்கப் பரவி எழுபது ஆண்டுகள் ஆகிவிட்டன. நம் ஊர்ப் பக்கம் பெஞ்சு காலியாகவே இல்லை. அதில் அப்பாவுக்குப் பதில் ஆச்சி உட்கார்ந்திருக்கிறார், அவ்வளவுதான்.

டிஸ்னிலேண்டுக்கு ஒன்பது ஆண்டுகள் முன்பே, 1946-ல், அமெரிக்காவின் இந்தியானா மாநிலத்தில் ஒரு பூங்கா திறந்தது. அந்த ஊரின் பெயரே சான்டா கிளாஸ். பெயரைக் கேட்டு ஆசையோடு வந்த குழந்தைகள் அங்கே கிறிஸ்துமஸ் தாத்தா இல்லாததைக் கண்டு ஏமாந்துபோவதைப் பார்த்த லூயி கோக் என்ற தொழிலதிபர், தாத்தாவும் பொம்மைகளும் சிறு ரயிலுமாக ‘சான்டா கிளாஸ் லேண்ட்’ பூங்காவைக் கட்டினார். உலகின் முதல் தீம் பார்க் இதுதான் என்று சொல்கிறவர்களும் உண்டு. கிறிஸ்துமஸ் ஒரு பூங்காவின் சரக்கான கதை அது. இந்தியாவுக்கு இந்தப் பழக்கம் தாமதமாக வந்தது. டெல்லியில் 1984 நவம்பரில் திறந்த அப்பு கர்தான் நாட்டின் முதல் கேளிக்கைப் பூங்கா. குமரி மாவட்டம் அழகப்பபுரத்திலிருந்து சென்னைக்குப் போன வி.ஜி.பி. சகோதரர்கள் கடற்கரையில் அமைத்த பூங்காவும், அங்கே இமை கொட்டாமல் நின்ற சிலை மனிதரும் ஒரு தலைமுறைக்கே நினைவிருக்கும். ‘மை டியர் குட்டிச்சாத்தான்’ என்ற முப்பரிமாணப் படத்தை எடுத்த நவோதயா அப்பச்சன் 1995-ல் தாம்பரம் அருகே கிஷ்கிந்தாவைத் தொடங்கினார். தெற்கத்திப் பள்ளிக்கூடங்களின் சுற்றுலாப் பட்டியலில் வண்டலூருக்கு அடுத்த வரியாக அது ரொம்ப நாள் இருந்தது. இப்போது டிசம்பர் வந்தால் எல்லாப் பூங்காக்களிலும் பஞ்சு பனி, பிளாஸ்டிக் ஊசியிலை மரம், சிவப்புச் சட்டைத் தாத்தா.

ஆழ்வார்திருநகரியில் இருந்துகொண்டு இதைப் பார்க்கும்போது ஒரு விஷயம் உறுத்துகிறது. திருச்செந்தூர் ரயிலில் ஏறினால் ஆழ்வார்திருநகரிக்கு அடுத்த ஸ்டேஷன் நாசரேத். கிறிஸ்துமஸைப் பார்க்கக் காசு கொடுத்து நானூறு மைல் போக வேண்டிய அவசியமே இல்லாத மண் இது. நாசரேத்தில் டிசம்பர் பிறந்ததுமே வீட்டு வாசலில் ஸ்டார் தொங்கிவிடும். தெருவுக்குத் தெரு குடில் கட்டுகிறார்கள். ராத்திரி பத்து மணிக்கு மேல் கேரல் ரவுண்ட்ஸ் வருகிறவர்கள் டிரம்மும் கிட்டாருமாக வீடு வீடாய்ப் பாடி, வீட்டுக்காரர்கள் தருகிற முறுக்கையும் காபியையும் வாங்கிக்கொண்டு அடுத்த வீட்டுக்குப் போகிறார்கள். 1876-ல் இங்கே வந்து மருத்துவமனை, தொழிற்பள்ளி என்று ஊரையே வளர்த்த மிஷனரி ஆர்தர் மர்காஷிஸ் ஐயரின் பெயர் இன்றும் பள்ளியில் நிற்கிறது. தூய யோவான் பேராலயத்தில் கிறிஸ்துமஸ் விடியற்கால ஆராதனைக்குப் பாட்டிமார் பட்டுச்சேலையில் முன்வரிசைக்கு வருகிறார்கள். அவர்களை யாரும் பெஞ்சில் காவலுக்கு உட்காரவைப்பதில்லை. கொஞ்சம் தள்ளிப் போனால் 1799-ல் உருவான முதலூர். மெஞ்ஞானபுரத்தில் 192 அடி உயரக் கோபுரத்தோடு தூய பவுல் ஆலயம். தேரிக்காட்டைத் தாண்டினால் கால்டுவெல் 1847-ல் தொடங்கி 1880-ல் கட்டி முடித்த இடையன்குடி ஆலயம். இவ்வளவும் ஒரு நாள் பயணத் தூரத்துக்குள்.

அதே வாரத்தில் ஆழ்வார்திருநகரியில் மார்கழி. 2025-ல் வைகுண்ட ஏகாதசி டிசம்பர் 30-ல் வந்ததால், கிறிஸ்துமஸ் சரியாகப் பகல் பத்து நாள்களுக்கு நடுவில் விழுந்தது. ஸ்ரீரங்கம், ஸ்ரீவில்லிபுத்தூர், ஆழ்வார்திருநகரி என்று தமிழ்நாட்டில் பாசுரம் பாடி ஆடும் அரையர் சேவை இன்னும் உயிரோடிருக்கும் கோயில்கள் கொஞ்சம்தான். குல்லாயும் தாளமுமாக அரையர் அபிநயம் பிடிக்கும்போது பக்கத்தில் நிற்கிற குழந்தை வாயைப் பிளந்து பார்க்கிறதே, அதுவும் ஒரு வேடிக்கைதான். நம்மாழ்வார் இருந்ததாகச் சொல்லும் உறங்காப்புளியைச் சுற்றி ஓடியாடாத உள்ளூர்ப் பிள்ளை கிடையாது. ஆச்சிக்கு இங்கே எல்லாம் தெரியும். பேரப்பிள்ளைக்கு எதையாவது சொல்லிக்கொண்டே வருவார். நாசரேத்துக் குடும்பம் திருநகரி மாடவீதியில் நடப்பதும், திருநகரிக் குடும்பம் நாசரேத்தில் ஸ்டார் பார்க்கப் போய்க் கேக் வாங்கி வருவதும் இந்தப் பக்கத்தில் யாருக்கும் புதிதில்லை. இதே ரயில் பாதையில் இன்னும் சில ஸ்டேஷன் போனால் காயல்பட்டினம், அதற்கடுத்துத் திருச்செந்தூர். இப்படி ஒரு பாதை கைவசம் இருந்தும், விடுமுறைக்கு வெளியே போவது என்றால் வேன் பிடித்துத் தொலைதூரம் போனால்தான் கணக்கு என்று நம் வீடுகள் நினைப்பதற்குக் காரணம் என்ன?

காரணம் ரொம்பச் சாதாரணமானது. தொலைதூரப் பூங்காவில் சுத்தமான கழிவறை இருக்கிறது. பெண்கள் உடை மாற்ற அறை இருக்கிறது. குழந்தை தண்ணீரில் இறங்கினால் விசில் ஊதிக்கொண்டு ஒருவர் நிற்கிறார். குடிதண்ணீர் கிடைக்கிறது, சக்கர நாற்காலிக்குச் சாய்தளம் இருக்கிறது. அந்த ஆயிரம் ரூபாய்க்கு நாம் வாங்குவதில் பாதி இதுதான். ராட்டினம் மீதிப் பாதி. நம் ஆற்றங்கரையில் இவற்றில் ஒன்றும் உறுதியில்லை. பொதிகை மலையில் பிறந்து பாபநாசம் வழியே புன்னைக்காயலில் கடலில் சேருகிற வரை, நெல்லையும் தூத்துக்குடியும் ஒரே மாவட்டமாக இருந்த காலத்திலிருந்தே இரண்டுக்கும் தாய்வீடாக இருக்கிற ஆறு இது. அதன் படித்துறையில் வளர்ந்த பெண் குழந்தை குளித்துவிட்டு ஈரப் பாவாடையைத் துண்டுக்குள் மறைத்து மாற்ற வேண்டியிருக்கிறது. பழைய துணிகளும் பிளாஸ்டிக் பைகளும் காலைச் சுற்றுகின்றன. சாக்கடை கலப்பதைப் பற்றிய வழக்கில் உயர் நீதிமன்ற மதுரைக் கிளை நீதிபதிகளே 2024-ல் நெல்லைக்கு வந்து ஆற்றை நேரில் பார்த்துவிட்டுப் போனார்கள். எந்த இடத்தில் மணல் அள்ளிய பள்ளம் இருக்கிறது, எங்கே இழுப்பு அதிகம் என்பது ஊர்க்காரருக்குத் தெரியும். விடுமுறைக்கு வந்த வெளியூர்ப் பேரனுக்குத் தெரியாது. எச்சரிக்கைப் பலகை துருப்பிடித்துச் சாய்ந்துகிடக்கிறது. ஒவ்வொரு விடுமுறையிலும் எங்கோ ஒரு வீட்டில் சாவு விழுகிறது.

செய்ய முடியாத காரியமா இது? 2018 அக்டோபரில் தாமிரபரணி மகா புஷ்கரம் நடந்தது. பாபநாசத்திலிருந்து கடலோரம் வரை லட்சக்கணக்கானோர் வந்து முழுகினார்கள். படித்துறைகளைச் செப்பனிட்டார்கள், தடுப்பு கட்டினார்கள், பெண்களுக்கு உடை மாற்றும் மறைப்புகள் வைத்தார்கள், தீயணைப்பு வீரர்கள் ரப்பர் படகோடு நின்றார்கள், சிறப்புப் பேருந்துகள் ஓடின. ஊர் ஊராகப் போய்ப் பார்த்தபோது எனக்கு அப்போது வந்த மகிழ்ச்சிக்கு அளவே இல்லை. புஷ்கரம் முடிந்ததும் மறைப்புகளைப் பிரித்துக்கொண்டு போய்விட்டார்கள். நூற்று நாற்பத்து நான்கு ஆண்டுக்கு ஒரு முறை என்று சொன்ன விழாவுக்குச் செய்து காட்டியதை, வருஷாவருஷம் வருகிற அரையாண்டு விடுமுறைக்கும் கோடை விடுமுறைக்கும் ஏன் செய்யக் கூடாது?

தெற்கேயும் ஒரு பெரிய தீம் பார்க் வேண்டும் என்ற குரல் இப்போது அடிக்கடி கேட்கிறது. சென்னைக்குக் கொடுக்கிறார்கள், கோவைப் பக்கம் இருக்கிறது, எங்களுக்கு ஏன் இல்லை என்ற ஆதங்கம் புரிகிறது. வேலைவாய்ப்பும் ஒரு காரணம்தான். ஆனாலும் நான் அதற்கு ஆதரவாகக் கை தூக்கமாட்டேன். பெரிய தண்ணீர்ப் பூங்காவுக்கு முதலில் வேண்டியது தண்ணீர். ஸ்ரீவைகுண்டம் அணைக்கட்டுதான் இந்த ஆற்றின் கடைசி அணை. அங்கிருந்து பிரிகிற வடகால், தென்கால் வாய்க்கால்களை நம்பித்தான் கடைமடை வயலும் குளமும் இருக்கின்றன. அந்த அணைக்கட்டிலிருந்து தூத்துக்குடி ஆலைகளுக்குத் தண்ணீர் கொண்டுபோன நாளுக்கு இருபது மில்லியன் காலன் (எம்.ஜி.டி.) திட்டத்தை எதிர்த்து விவசாயிகள் பசுமைத் தீர்ப்பாயம் வரை போனார்கள். மேலே இருக்கிறவர்களுக்கு மிஞ்சினால்தான் கீழே இருக்கிறவர்களுக்கு என்ற நிலையில், இன்னொரு பெரிய குழாய்க்கு இடமில்லை. தவிர, அப்படியொரு பூங்கா வந்தாலும் கட்டணம் அதே ஆயிரம்தான். ஆச்சிக்கு அங்கேயும் பெஞ்சுதான்.

ராட்டினத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். பூங்காவுக்குப் போக முடியாத பிள்ளைகளுக்குக் கோயில் கொடையிலும் மாதா திருவிழாவிலும் பொருட்காட்சியிலும் வருகிற ராட்டினம்தான் தீம் பார்க். குடை ராட்டினம், கப்பல், டோரா டோரா என்று லாரியில் ஏற்றிக்கொண்டு ஊர் ஊராகச் சுற்றுகிறவர்கள் நம்முடைய எளிய குடும்பங்களுக்குச் செய்யும் சேவை பெரியது. முப்பது, ஐம்பது ரூபாய்க்குப் பிள்ளை வானத்தைத் தொட்டுவிட்டு வருகிறது. ஆனால் லாரியிலிருந்து இறக்கி ஒரே நாளில் பூட்டுகிற இரும்பு அது. 2019 ஜூலையில் அகமதாபாத் கான்காரியா ஏரிப் பூங்காவில் ஊஞ்சல் போல ஆடும் ராட்டினம் முறிந்து விழுந்து இரண்டு பேர் இறந்தார்கள். முப்பது பேருக்குப் பக்கம் காயம். 2025 மே மாதம் சென்னைக் கிழக்குக் கடற்கரைச் சாலையில் ஒரு பூங்காவின் ராட்டினம் உச்சியிலேயே நின்றுபோய், குழந்தைகள் உட்பட முப்பதுக்கும் மேற்பட்டோரைத் தீயணைப்புத் துறையினர் மணிக்கணக்கில் போராடி இறக்கினார்கள். ராட்டினங்களுக்கு இந்தியத் தர நிர்ணய அமைப்பின் விதிமுறை இருக்கிறது. அது பெரிய பூங்காவின் அலுவலக அலமாரியில் இருந்தால் மட்டும் போதாது. கொடைக்கு வருகிற ராட்டினத்தின் ஒவ்வொரு போல்டையும் ஒரு பொறியாளர் தொட்டுப் பார்த்துக் கையெழுத்திட்ட தாளை, டிக்கெட் மேஜைக்கு மேலே ஊர்க்காரர்கள் படிக்கும்படி ஒட்ட வேண்டும். இதைக் கேட்பதால் ராட்டினக்காரர் பிழைப்பு கெடாது. அவர் மேல் நம்பிக்கை கூடும்.

2023 டிசம்பரை மறந்துவிட்டு இந்தக் கரையில் எதையும் பேச முடியாது. அந்த டிசம்பர் 17 ஒரு ஞாயிற்றுக்கிழமை. வார இறுதிக்குத் திருச்செந்தூர் வந்த குடும்பங்கள் ராத்திரி சென்னை ரயிலில் ஏறின. மழை விடவில்லை. ரயில் ஸ்ரீவைகுண்டத்தைத் தாண்ட முடியவில்லை. அதற்கப்பால் தண்டவாளத்துக்கு அடியில் இருந்த ஜல்லியையும் மண்ணையும் வெள்ளம் அரித்துக்கொண்டு போயிருந்தது. சுமார் எண்ணூறு பயணிகள், குழந்தைகளும் வயசாளிகளுமாக, சுற்றிலும் தண்ணீருக்கு நடுவில் மாட்டிக்கொண்டார்கள். ஹெலிகாப்டர் வந்து சேரும்வரை அவர்களுக்குச் சோறு போட்டவர்கள் பக்கத்துப் புதுக்குடி ஊர்மக்கள். தங்கள் வீட்டிலும் தண்ணீர் புகுந்திருந்த நிலையில், கோயிலில் அடுப்பு மூட்டிப் பொங்கிக் கொடுத்தார்கள். காயல்பட்டினத்தில் மட்டும் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் மழை. ஆழ்வார்திருநகரி, ஏரல், நாசரேத் வட்டாரமே தத்தளித்தது. அந்த வருஷக் கிறிஸ்துமஸுக்குப் பல ஊர்களில் கேரலும் இல்லை, வாணவேடிக்கையும் இல்லை. அதற்கென வைத்திருந்த காசு பாயும் போர்வையும் அரிசியுமாக மாறிப் போனது. ஆற்றங்கரையில் எதைக் கட்டினாலும் அந்த வெள்ளம் மறுபடி வரும் என்று எண்ணித்தான் கட்ட வேண்டும். கல் படி, மேட்டில் கழிவறை, பிரித்தெடுக்கக்கூடிய மறைப்பு, மரங்கள். கான்கிரீட் பொம்மையும் செயற்கை நீரூற்றும் இங்கே வேண்டாம். அழகுபடுத்துகிறோம் என்று கரையைச் சுருக்கி வாக்கிங் பாதை போடுவதும் வேண்டாம்.

அப்படியானால் என்னதான் கேட்கிறேன்? புரட்டாசிச் சனிக்கிழமைகளில் நெல்லையிலிருந்து நவதிருப்பதிக்கு அரசுப் போக்குவரத்துக் கழகம் சிறப்புப் பேருந்து விடுகிறது. காலையில் ஏறினால் ஒன்பது கோயிலும் பார்த்துவிட்டுச் சாயங்காலம் வீட்டுக்கு வரலாம். ஆச்சிமார் அந்தப் பேருந்தை எவ்வளவு விரும்புகிறார்கள் என்பது ஒரு தடவை அதில் போனவர்களுக்குத் தெரியும். ஜன்னலோர இருக்கை அவர்களுக்குத்தான். வழியெல்லாம் அவர்கள்தான் வழிகாட்டி. அதே ஏற்பாட்டை டிசம்பர் கடைசி வாரத்தில் குடும்பங்களுக்காகச் செய்யலாம். நெல்லையில் புறப்பட்டு ஆதிச்சநல்லூரில் முதல் நிறுத்தம். 2023 ஆகஸ்டில் திறந்த அகழாய்வுத் தள அருங்காட்சியகத்தில் கண்ணாடித் தரைக்குக் கீழே முதுமக்கள் தாழிகள் கிடக்கின்றன. காலுக்கடியில் நம் மூதாதையரைப் பார்க்கிற குழந்தை கேட்கிற கேள்விகளுக்கு எந்தப் பூங்காவும் ஈடாகாது. அங்கிருந்து ஸ்ரீவைகுண்டம் அணைக்கட்டு, ஆழ்வார்திருநகரியில் கோயிலும் படித்துறையில் குளியலும் கட்டுச்சோறும், இருட்டின பிறகு நாசரேத்தில் ஸ்டார் வெளிச்சம். ரயிலில் வருகிறவர்களுக்கு அந்த ஒரு வாரம் இரவு ஒன்பதரைக்கு மேல் ஒரு பாசஞ்சர் நெல்லைக்குத் திரும்பினால் போதும்.

ஒவ்வொரு பேரூராட்சியிலும் ஒரு விளையாட்டுத் திடல் வேண்டும். அதில் ஊஞ்சலும் சறுக்கும் இருந்தால் மட்டும் போதாது. பெரியவர்கள் ஏறக்கூடிய அகல ஊஞ்சல் வேண்டும். செட்டிநாட்டு வீட்டிலும் நெல்லைப் பக்கத்துப் பழைய வீட்டிலும் பலகை ஊஞ்சலில் ஆடாத பாட்டி உண்டா? அறுபது வயதுக்கு மேல் விளையாட்டு வேண்டாம் என்று நாமாகவே முடிவு கட்டிவிட்டோம். பல்லாங்குழியும் தாயக்கட்டமும் செதுக்கிய கல் திண்ணை, மர நிழல், நடக்க முடியாதவர்களுக்குச் சாய்தளம், குழந்தைக்குப் பால் கொடுக்க ஓர் அறை. இவற்றுக்கு நிலமும் பேரூராட்சியிடம் இருக்கிறது. ஊரில் பூங்கா என்று பெயர்ப்பலகை மாட்டிப் பூட்டு தொங்கவிட்டிருக்கிற இடங்களைத் திறந்தாலே பாதி வேலை முடிந்துவிடும். படித்துறையில் விடுமுறை நாள்களில் மட்டுமாவது நீச்சல் தெரிந்த இரண்டு உள்ளூர் இளைஞர்களைத் தினக்கூலிக்குக் காவலுக்கு நிறுத்த வேண்டும். ஆற்றிலேயே வளர்ந்த பிள்ளைகள் ஒவ்வோர் ஊரிலும் இருக்கிறார்கள். அவர்களுக்குத் தீயணைப்பு நிலையத்தில் பயிற்சி கொடுத்து ஒரு சட்டையும் விசிலும் மிதவையும் கொடுத்தால் போதும்.

பிள்ளைகள் அதற்குப் பிறகும் ஒரு நாள் பெரிய பூங்காவுக்குப் போகட்டும். உயரத்திலிருந்து விழுகிற அந்தப் பயமும் சிரிப்பும் அவர்களுக்கு வேண்டும்தான். அந்தப் பூங்கா நடத்துகிறவர்களிடமும் ஒரு கோரிக்கை வைக்கலாம். எந்த ராட்டினத்திலும் ஏறாமல், தண்ணீரில் இறங்காமல், பேரப்பிள்ளைகளுக்காக மட்டும் வருகிற முதியவர்களிடம் முழுக் கட்டணமோ சலுகைக் கட்டணமோ வாங்க வேண்டாம். சிறு தொகையோடு உள்ளே விடட்டும். வீட்டுச் சாப்பாட்டை ஓர் இடத்தில் உட்கார்ந்து சாப்பிட அனுமதிக்கட்டும். சேலை கட்டியவர்கள் கால் நனைக்க முழங்கால் ஆழத்தில் தனியாக ஒரு குளம் வைப்பதும் அவர்களுக்குப் பெரிய செலவில்லை.

2026 சட்டமன்றத் தேர்தல் ஆண்டு. வாக்கு கேட்டு வருகிறவர்கள் கரையோர ஊர்களில் பாலம், சாலை, குடிநீர் என்று வாக்குறுதி தருவார்கள். அவை எல்லாம் வேண்டியவையே. அந்தப் பட்டியலில் படித்துறையும் திடலும் ஏற வேண்டுமானால், கேட்கிறவர்கள் பெண்களாக இருக்க வேண்டும். வாசலுக்கு வருகிற வேட்பாளரிடம் ஆச்சிமாரே கேட்கட்டும். வடகிழக்குப் பருவமழை அக்டோபரில் தொடங்கிவிடும். ஆற்றில் தண்ணீர் ஏறினால் கரையில் ஒரு கல்லும் வைக்க முடியாது. தேர்தல் முடிந்து புது அரசு அமைந்த கையோடு ஒப்புதல் கொடுத்தால், ஜூனில் வேலையைத் தொடங்கி செப்டம்பருக்குள் ஆழ்வார்திருநகரி, ஸ்ரீவைகுண்டம், ஏரல் படித்துறைகளில் உடை மாற்றும் அறையையும் கழிவறையையும் கட்டி, அவற்றைத் தினமும் கழுவ ஆளும் நியமித்துவிடலாம். அடுத்த அரையாண்டு விடுமுறைக்கு அதற்கப்புறமும் மூன்று மாதம் மிச்சமிருக்கும்.